மயிரிழை தவறினாலும் பல் பொருந்தாது!

தாடை எலும்பில் ஆணி வைத்துப் பல் கட்டுகிறார்கள். அந்தப் பல் நிலைப்பதும் நிலைக்காததும் ஒரு பிடி பசையின் கையில் இருக்கிறது!

கேழ்வரகுக் களி தின்பதற்குப் பல் வேண்டாம். உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்கிவிடலாம். தர்மபுரிச் சீமையில் பிறந்தவர்களுக்கு இது தெரியும்.

ஆனால் வேர்க்கடலை தின்ன வேண்டுமானால்? ஒட்டுமாங்காயைக் கடிக்க வேண்டுமானால்? பேரன் கொண்டுவந்து நீட்டும் முறுக்கை வாங்கிக்கொள்ள வேண்டுமானால்?

பல் வேண்டும்!

தர்மபுரி மாவட்டம், கம்பைநல்லூரில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வயது 65. கீழ்த்தாடையில் ஒரு பல்கூட இல்லை. பல் செட் கட்டிக்கொண்டார். பேசினால் அது எழும்புகிறது. மென்றால் நகர்கிறது. ஆகவே, சாப்பாட்டு வேளையில் பல் செட் சட்டைப் பையில் இருக்கும். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது மட்டும் வாயில் இருக்கும்!

மகளுக்கு மனம் கேட்கவில்லை. அப்பாவைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தர்மபுரிக்குப் போகிறாள். பல் டாக்டர் பார்க்கிறார். "எலும்பில் நான்கு ஆணி வைத்து, அதன்மேல் பல் வரிசையைத் திருகி விடலாம். ஆடாது, நகராது" என்கிறார். கடலை விற்ற பணம் கொஞ்சம், நகையை வைத்து வாங்கியது கொஞ்சம் என்று செலவுக்கு ஏற்பாடு ஆகிறது.

ஆணி வைத்து மூன்று மாதம் ஓடிவிட்டது. எலும்பு ஆணியைப் பிடித்துக்கொண்டது. இனி அளவு எடுக்க வேண்டும். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்கிறார்:

"சீக்கிரம் முடிச்சு அனுப்புங்க டாக்டர். மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

இங்கேதான் ஆபத்து!

ஆணி வைப்பதுதான் பெரிய வேலை, அளவு எடுப்பது சின்ன வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ரத்தம் வருவது ஆணி வைக்கும் அன்றுதான், வலிப்பதும் அன்றுதான். அளவு எடுக்கும்போது அப்படி ஒன்றும் இல்லை. ஏதோ மாவைப் பிசைந்து வாயில் வைத்து எடுக்கிறார்கள், அவ்வளவுதானே என்று தோன்றும். உண்மை என்னவென்றால், ஆணி எவ்வளவு நன்றாக ஊன்றியிருந்தாலும், அளவு பிசகினால் பணமும் போகும், பல்லும் போகும்.

பல்லுக்கு மெத்தை உண்டு; ஆணிக்கு இல்லை

இயற்கைப் பல் எலும்போடு நேராக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப் படலம் ஒன்று இருக்கிறது. அது ஒரு மெத்தை மாதிரி. கடித்தால் பல் சற்று அமுங்கும். விட்டால் எழும்பும்.

எவ்வளவு அமுங்கும்? 25 முதல் 100 மைக்ரான் வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

மைக்ரான் என்றால் என்ன? 1 மில்லி மீட்டரை ஆயிரம் கூறு போட்டால், அதில் ஒரு கூறு. நம் தலைமயிர் ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் இருக்கும். ஆக, நம் பல் ஒரு மயிரிழை அளவுக்கு அமுங்கி எழும்புகிறது.

எலும்பில் வைத்த ஆணிக்கு இந்த மெத்தை கிடையாது. எலும்பு அதை நேராகவே கவ்விப் பிடித்திருக்கிறது. அது அசைவது 3 முதல் 5 மைக்ரான்தான். கல்லில் நட்ட கம்பம்போல நிற்கும்.

இதனால் என்ன வந்தது என்று கேட்கலாம். இயற்கைப் பல்லின்மேல் மூடி போடும்போது கொஞ்சம் பிசகினாலும், பல் சற்று நகர்ந்து இடம் கொடுத்துவிடும். ஆணி இடம் கொடுக்காது! மேலே வைக்கிற பல் வரிசைதான் வளைய வேண்டும். அது உலோகச் சட்டத்தின்மேல் செய்தது. அதுவும் வளையாது.

முக்காலியை எந்தத் தரையில் போட்டாலும் ஆடாது. நான்கு கால் நாற்காலியில் ஒரு கால் குட்டையாக இருந்தால் ஆடும். சரி, அந்த நாற்காலியின் நான்கு கால்களையும் திருகு போட்டுத் தரையோடு இறுக்கிவிட்டால்? ஆட்டம் நின்றுவிடும். பார்ப்பவர்கள் "நன்றாக நிற்கிறதே" என்பார்கள். ஆனால் கட்டை உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டே இருக்கும். என்றைக்காவது ஒருநாள் திருகு தளரும். அல்லது கால் பிளக்கும்.

வாய்க்குள்ளும் இதே கதைதான். அளவு தவறிய பல் வரிசையைத் திருகு போட்டு இறுக்கினால் அது உட்கார்ந்துவிடும். பெரியவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். சில மாதம் கழித்துத் திருகு தளர்வது தெரியும். இறுக்கி விடுவார்கள். மறுபடியும் தளரும். ஒருநாள் திருகு முறியும். அல்லது மேலே உள்ள பீங்கான் சில்லு பெயரும்.

எவ்வளவு பிசகு வரை பொறுக்கலாம்? இதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 10 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் உண்டு. 150 மைக்ரான் வரை பரவாயில்லை என்றவர்களும் உண்டு. பிசகினால் ஆணியைச் சுற்றியுள்ள எலும்பு கரைந்துவிடும் என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். அது உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. திருகு தளர்வதும் உடைவதும்தான் கண்கூடான தொல்லை. கம்பைநல்லூரிலிருந்து வருகிற ஒருவருக்கு அதுவே போதுமான தொல்லை. ஒவ்வொரு முறை தளரும்போதும் பஸ் செலவு, ஒருநாள் வேலை, துணைக்கு ஓர் ஆள்!

முயல் காலில் பிறந்த வித்தை

எலும்பில் ஆணி வைக்கும் இந்த வித்தை எங்கே பிறந்தது? சுவீடன் தேசத்தில், ஒரு முயலின் காலில்!

பெர் இங்வார் பிரானெமார்க் என்ற டாக்டர் 1952-ம் ஆண்டில் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியம் என்ற உலோகத்தால் செய்த சிறு கருவியைப் பொருத்தினார். வேலை முடிந்தது. கருவி விலை உயர்ந்தது. எடுத்து மறுபடியும் உபயோகிக்கலாம் என்று பார்த்தார். வரவில்லை! எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது.

வேறொருவராக இருந்தால் கருவி வீணாயிற்றே என்று தலையில் கை வைத்திருப்பார். பிரானெமார்க்கின் மூளை வேறு விதமாக வேலை செய்தது. 1965-ம் ஆண்டு கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியம் ஆணிகளை வைத்துப் பல் கட்டினார். லார்சன் 2006-ல் காலமானார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆணிகள் அவருக்கு உழைத்தன! ஆனாலும் 1982-ல் கனடாவில் டொராண்டோ நகரத்தில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் உலகத்துப் பல் வைத்தியர்கள் பலரும் இதை நம்பத் தொடங்கினார்கள்.

டைட்டானியம் ஏதோ அயல்நாட்டு அபூர்வப் பொருள் என்று எண்ண வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் கறுப்பாக மின்னும் மணல் இருக்கிறதே, அதில் டைட்டானியம் தாது கலந்திருக்கிறது.

கடற்பாசியும் ஒரு லண்டன் டாக்டரும்

இனி அளவுக்கு வருவோம்.

வாய்க்குள் ஆணி எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அப்படியே வெளியே கொண்டுவர வேண்டும். பல் செய்யும் லேப்காரர் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அவர் கையில் இருப்பது அச்சு ஒன்றுதான். அச்சு சொல்வதுதான் அவருக்கு வேதவாக்கு. அச்சு பொய் சொன்னால், அவரும் அந்தப் பொய்யையே பொன்போல் செய்து அனுப்புவார்.

அச்சு எடுக்கும் பொருளுக்கு ஒரு வினோதமான கடமை. வாய்க்குள் போகும்போது பாகுபோல் இளகியிருக்க வேண்டும். உள்ளே சில நிமிடத்தில் இறுக வேண்டும். எடுக்கும்போது ரப்பர்போல் வளைந்து கொடுத்து, வெளியே வந்ததும் பழைய வடிவத்துக்கே திரும்ப வேண்டும். பிறகு சுருங்கக் கூடாது, உப்பக் கூடாது.

இப்படி ஒரு பொருளைத் தேடி மனிதர்கள் படாத பாடு பட்டிருக்கிறார்கள். மெழுகை வைத்துப் பார்த்தார்கள். பிளாஸ்டரை வைத்துப் பார்த்தார்கள். அது வாய்க்குள்ளேயே கல்லாகிவிடும். துண்டு துண்டாக உடைத்து எடுத்து, வெளியே ஒட்ட வைக்க வேண்டும்! 1856-ல் லண்டனில் சார்லஸ் ஸ்டென்ட் என்ற பல் டாக்டர் ஒருவகைப் பிசினைச் சீர்படுத்தி நல்ல அச்சுப் பொருள் ஒன்றைச் செய்தார். இன்று இருதய ரத்தக் குழாயில் அடைப்பு என்றால் "ஸ்டென்ட் வைக்க வேண்டும்" என்கிறார்களே, அந்தப் பெயர் இந்தப் பல் டாக்டரின் பெயரிலிருந்து வந்ததுதான் என்று சொல்கிறார்கள்!

1925-ல் வியன்னாவில் அல்போன்ஸ் போலர் என்பவர் அகர் என்ற கடற்பாசிக் கூழை வைத்து அச்சு எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அகர் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தது. இரண்டாவது உலக யுத்தம் வந்தது. ஜப்பான் சரக்கு நின்றுபோயிற்று. அப்போது வேறொரு கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் என்ற தூள் அந்த இடத்தைப் பிடித்தது. இன்றும் பல் டாக்டரிடம் போனால் தண்ணீர் விட்டுக் குழைத்து வாயில் வைப்பது பெரும்பாலும் இதைத்தான். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் கடற்கரையில் மீனவப் பெண்கள் முழுகி எடுத்து வரும் பாசிகளில் அகர் தரும் பாசியும் உண்டு, ஆல்ஜினேட் தரும் பாசியும் உண்டு.

ஆல்ஜினேட் மலிவானது. பல் செட்டுக்கு முதல் அளவு எடுக்க அது போதும். ஆனால் ஆணிப் பல்லுக்கு, அதிலும் கடைசி அளவுக்கு, அது உதவாது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர். வெயிலில் வைத்த வெள்ளரிப் பிஞ்சுபோல், வெளியே வைத்த சற்று நேரத்திலேயே தண்ணீரை இழந்து சுருங்கத் தொடங்கும்.

ஆணிப் பல்லுக்கு இன்று பெரும்பாலும் இரண்டு பொருள்கள்தான். ஒன்று பாலிஈதர். 1965-ல் ஜெர்மனியில் வந்தது. இறுகினால் கெட்டியாக நிற்கும். ஆணியோடு சேர்ந்த உறுப்புகளை அசையவிடாது. அதன் குறை, ஈரத்தை உறிஞ்சி உப்பும். உலர்வாக வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, ஒருவகைச் சிலிக்கோன். 1970-களில் வந்தது. எடுத்து ஒரு வாரம் கழித்தும் அளவு மாறாமல் இருக்கும். தர்மபுரியில் எடுத்த அச்சு வேறு ஊர் லேபுக்குப் பார்சலில் போக வேண்டியிருந்தால் இது ஒரு பெரிய சௌகரியம். இந்தச் சிலிக்கோனுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சாதாரண ரப்பர் கையுறை போட்ட கையால் பிசைந்தால் சரியாக இறுகாது! ரப்பரில் உள்ள கந்தகம் அதற்கு ஆகாது.

வெயிலும் ஒரு எதிரி. சூடு அதிகமானால் இந்தப் பொருள்கள் சீக்கிரம் இறுகிவிடும். சித்திரை மாதத்து மத்தியானத்தில் மின்சாரம் நின்றுபோன அறையில் குழைத்தால், வாயில் வைப்பதற்குள்ளேயே பாதி இறுகிவிடும்.

திறந்த தட்டா, மூடிய தட்டா?

பொருள் மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. எடுக்கும் விதமும் வேண்டும்.

முதலில் ஒவ்வொரு ஆணியின் தலையிலும் ஒரு சிறு உலோகத் தண்டைத் திருகுகிறார்கள். ஆணி எங்கே இருக்கிறது என்று காட்டும் அடையாளக் கம்பு அது. பிறகு பசையைத் தட்டில் நிரப்பி வாயில் வைக்கிறார்கள்.

மூடிய தட்டு முறையில், தட்டை எடுக்கும்போது தண்டுகள் வாயிலேயே நின்றுவிடும். பிறகு அவற்றைக் கழற்றி, அச்சில் விழுந்த குழிகளில் கையால் திரும்பச் செருக வேண்டும். சுலபமான வேலை. வாய் அதிகம் திறக்க முடியாதவர்களுக்கு இதுதான் நல்லது. ஆனால் செருகும்போது ஒரு மயிரிழை மேலே நின்றாலும், ஒரு மயிரிழை திரும்பினாலும் கணக்கு தப்பும்.

திறந்த தட்டு முறையில் தட்டின் மேலே ஜன்னல் மாதிரி ஓட்டை இருக்கும். பசை இறுகியதும் அந்த ஓட்டை வழியாகத் தண்டுகளின் திருகைக் கழற்றுகிறார்கள். தண்டுகள் பசையோடு சேர்ந்தே வெளியே வரும். எடுத்துச் செருகும் வேலை இல்லை.

எது மேல்? 2008-ம் ஆண்டு ஓர் அமெரிக்கப் பல் வைத்தியப் பத்திரிகையில் நிபுணர்கள் சிலர் இதுவரை நடந்த 41 ஆராய்ச்சிகளைத் திரட்டி எடைபோட்டார்கள். இரண்டு தட்டு முறைகளையும் ஒப்பிட்டவை 14. அவற்றில் 5 திறந்த தட்டுக்கு ஓட்டு. 2 மூடிய தட்டுக்கு. மீதி 7, "இரண்டும் ஒன்றுதான்" என்றன!

ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புபோல இருக்கிறதல்லவா? ஆனால் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிந்தது. ஆணி மூன்றோ அதற்குக் குறைவோ இருந்தால், பெரும்பாலும் வித்தியாசம் இல்லை. நான்கும் அதற்கு மேலும் இருந்தால், திறந்த தட்டே மேல் என்று சொன்னவை அதிகம். முக்காலிக்கும் நாற்காலிக்கும் உள்ள கதைதான்!

பாலிஈதரா, சிலிக்கோனா என்ற வழக்கில் தீர்ப்பு தெளிவாக வந்தது. ஒப்பிட்ட 11 ஆராய்ச்சிகளில் 10, இரண்டிலும் வித்தியாசம் இல்லை என்றன. ஆகவே, "எங்களிடம் அந்த நாட்டுப் பசை இருக்கிறது, இந்த நாட்டுப் பசை இருக்கிறது" என்று யாராவது பெருமை பேசினால் மயங்க வேண்டியதில்லை. பசையைவிட, அதைப் பிடிக்கிற கையும் அது காட்டும் நிதானமும்தான் முக்கியம்.

கட்டி வைத்து, வெட்டி, மறுபடியும் ஒட்டி...

இன்னொரு உபாயமும் உண்டு. பசை வைப்பதற்கு முன்னால் நான்கு தண்டுகளையும் ஒன்றோடொன்று கட்டிவிடுவது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைத் தண்டுக்குத் தண்டு சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் குழம்பைத் தடவி இறுகவிடுகிறார்கள். நாற்று முடிச்சு மாதிரி எல்லாம் ஒன்றாகிவிடும். தனித்தனியே அசைய முடியாது.

இதிலும் ஒரு வில்லங்கம்! அந்தப் பிளாஸ்டிக் குழம்பு இறுகும்போது சுருங்கும். சுருங்கினால் தண்டுகளை இழுக்கும். அதனால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இறுகியதும் நடுவே மெல்லியதாக வெட்டிவிடுகிறார்கள். சுருங்க வேண்டியது சுருங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். சுருக்கத்தின் பெரும்பகுதி முதல் கால்மணி நேரத்திலேயே முடிந்துவிடும். பிறகு வெட்டிய சிறு இடைவெளியை மட்டும் கொஞ்சம் குழம்பு வைத்து ஒட்டுகிறார்கள். சிறு இடைவெளி, ஆகவே சிறு சுருக்கம்.

நம் பெரியவர் மூன்று மணி பஸ்ஸுக்குப் பறக்கிறாரே, அவர் விழுங்கப் பார்ப்பது இந்தக் கால்மணி நேரத்தைத்தான்!

கட்டுவதா வேண்டாமா என்பதிலும் அந்த 2008 கணக்கில் ஓட்டுப் பிரிந்தது. 17 ஆராய்ச்சிகளில் 7 கட்டச் சொன்னன. 3 கட்டாதே என்றன. 7 எதுவும் ஒன்றே என்றன. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் கட்டுவதன் பக்கமே அதிகம் சாய்ந்திருக்கின்றன. முழுத் தாடைக்கும் பல் கட்டும்போது பொறுப்பான டாக்டர்கள் பெரும்பாலும் கட்டித்தான் எடுக்கிறார்கள்.

காமிராவால் எடுக்கலாமே!

"இதெல்லாம் பழைய முறை. இப்போது பசையே வேண்டாம், சிறு காமிராவை வாய்க்குள் விட்டால் கம்ப்யூட்டரில் படம் வந்துவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். ஒரு பல், இரண்டு பல் என்றால் காமிரா நன்றாகவே வேலை செய்கிறது. குமட்டல் இல்லை. பசை ஒழுகுவதும் இல்லை.

முழுத் தாடை என்றால் சங்கடம். காமிரா ஒரே பார்வையில் தாடை முழுவதையும் பார்ப்பதில்லை. சிறு சிறு படமாக எடுத்து, ஒன்றோடொன்று தைத்துக்கொண்டே போகிறது. நிலம் அளக்கும் சர்வேயர் சங்கிலியை நினைத்துப் பாருங்கள். ஒரு சங்கிலிக்கு ஒரு விரற்கடை தவறினால், காட்டின் மறுகோடிக்குப் போவதற்குள் அது ஒரு முழமாகிவிடும்! பல் இல்லாத ஈறு வேறு வழவழவென்று எங்கும் ஒரே மாதிரி இருக்கும். எந்தப் படத்தை எதோடு தைப்பது என்று கம்ப்யூட்டரே குழம்பும். இதைச் சரிசெய்யப் புதிய காமிராக்களும் புதிய முறைகளும் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் முழுத் தாடைக்குப் பசையை அடியோடு தள்ளிவிடும் காலம் எல்லா ஊருக்கும் இன்னும் வந்துவிடவில்லை.

ஒரு திருகுச் சோதனை

சரி, அச்சு எடுத்தாயிற்று. சட்டமும் செய்து வந்துவிட்டது. அது சரியாகப் பொருந்துகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான்கு திருகையும் ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. இறுக்கினால் தவறு மறைந்துவிடும். நாற்காலியைத் தரையோடு இறுக்கிய கதையாகிவிடும்.

ஒரு கோடியில் இருக்கும் ஒரே ஒரு திருகை மட்டும் இறுக்குகிறார்கள். பிறகு மறுகோடியைப் பார்க்கிறார்கள். அங்கே சட்டம் ஆணியைவிட்டு எழும்பி இடைவெளி காட்டினால், பிசகு! ஈறு மறைத்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். பிசகு தெரிந்தால் சட்டத்தை அறுத்து ஒட்ட வேண்டும். அல்லது அளவையே மறுபடியும் எடுக்க வேண்டும்.

சில டாக்டர்கள் சட்டம் செய்வதற்கு முன்பே இதைச் சோதித்துவிடுகிறார்கள். லேபில் வார்த்த மாதிரியின்மேல் ஒரு மலிவான பிளாஸ்டிக் கட்டையைச் செய்து வரவழைத்து, வாயில் வைத்துப் பார்க்கிறார்கள். அது பொருந்தினால்தான் உலோகத்தில் செய்யச் சொல்கிறார்கள். நோயாளிக்கு ஒருநாள் கூடுதல் அலைச்சல். "அளவுதான் அன்னைக்கே எடுத்தீங்களே டாக்டர், மறுபடியும் எதுக்கு?" என்று மகள்கள் கேட்பது இந்த இடத்தில்தான். தையற்காரர் கல்யாணச் சட்டையைக் கை தைப்பதற்கு முன் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வதில்லையா? அதுபோலத்தான். சட்டையானால் பிரித்துத் தைக்கலாம். வார்த்த உலோகத்தைப் பிரிப்பது லேசில்லை.

கறைப் பல்லுக்கு ஆணி வேண்டாம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து மக்களுக்கு இங்கே ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும்.

இந்தப் பகுதியில் பல கிராமங்களில் நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகம். ஒரு லிட்டர் குடிதண்ணீரில் அது 1 மில்லி கிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்திய அரசின் அளவு. அதற்கு மேல் உள்ள தண்ணீரைச் சிறு வயதிலிருந்து குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும். இது தேய்த்தால் போகாது. பல் ஈறுக்குள் உருவாகும்போதே ஏற்படும் கறை.

இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் எடுத்துச் சொன்னவர்கள் அந்நாளைய சென்னை மாகாணத்து ஆராய்ச்சியாளர்கள்தான். நெல்லூர் ஜில்லா கிராமங்களில் பார்த்து 1937-ல் எழுதினார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரித் தண்ணீர் கொடுத்து இந்தக் குறையைத் தீர்க்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவியோடு நடந்த திட்டம் அது. 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2013-ல் திறந்தார்கள். அதற்கு முன் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் குடித்து வளர்ந்தவர்கள் இன்று வேலைக்குப் போகும் வயதில், கல்யாண வயதில் இருக்கிறார்கள்.

பெண் பார்க்க வருகிறார்கள், பல் பழுப்பாக இருக்கிறதே என்று கவலைப்பட்டு, "எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆணிப் பல் கட்டிவிடலாமா?" என்று கேட்கும் தாய்மார்கள் இருக்கக்கூடும். வேண்டவே வேண்டாம்! கறை இருப்பது பல்லின் மேல்தோலில். வேர் நன்றாகவே இருக்கும். கறையை லேசாகத் தேய்த்தெடுத்தோ, பல் நிறப் பூச்சு வைத்தோ, மேலே மெல்லிய ஓடு ஒட்டியோ மறைத்துவிடலாம். மெத்தையோடு கடவுள் கொடுத்த பல்லைப் பிடுங்கிவிட்டு, மெத்தை இல்லாத ஆணியைக் காசு கொடுத்து வாங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

பற்கள் விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் சொத்தையும் ஈறு நோயும்தான். புகையிலை ஈறு நோய்க்குத் துணைபோகும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆணி எலும்பில் பிடிப்பதும் சிரமம். சர்க்கரை வியாதிக்காரர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே ஆணிக்குப் போக வேண்டும்.

தனியார் டாக்டரின் செலவு கட்டாது என்பவர்கள் பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரித்துப் பார்க்கலாம். சேலத்தில் கல்லூரி இருக்கிறது. மொரப்பூரில் ரயில் ஏறினால் சென்னை. அங்கே கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கியது. கல்லூரிகளில் நேரம் அதிகம் ஆகும். பேராசிரியர் பார்த்து, "மறுபடியும் அச்சு எடு" என்று மாணவரிடம் சொல்வார். அலுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொல்லும் பேராசிரியர் கிடைப்பது நோயாளியின் அதிர்ஷ்டம்.

பெரியவர் என்ன ஆனார்?

அவர் நாற்காலியில்தான் இருக்கிறார். டாக்டர் நான்கு தண்டுகளையும் நூலால் கட்டி, குழம்பு தடவி, வெட்டிவிட்டுக் காத்திருக்கிறார். சுவர்க் கடிகாரம் இரண்டே முக்காலைக் காட்டுகிறது.

"தலையைச் சற்று முன்னால் சாய்த்து, மூக்கால் மூச்சு விடுங்கள் ஐயா. குமட்டாது. நாக்கை ஆட்டக் கூடாது. நான் சொல்லும்வரை அசையாமல் இருங்கள்" என்கிறார் டாக்டர்.

பசைத் தட்டு வாய்க்குள் போகிறது. பெரியவர் பேச முடியாமல் மகளைப் பார்த்துக் கையால் ஜாடை காட்டுகிறார். பஸ் போய்விடுமே!

"போனா போகட்டும்ப்பா. அஞ்சு மணிக்கு இன்னொண்ணு இருக்கு" என்கிறாள் மகள்.

ஐந்து மணி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மகள் மடியில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை, வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு. பெரியவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.